பழைய பிக்கப்புக்குப் பின் ஆக்சில் மாற்றி ரேஷியோ குறைக்கலாமா? மீன் லோடு, நெல் லோடு இரண்டும் ஓடுகிற வண்டி

நாகை மீன்வண்டி:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு பழைய மஹிந்திரா பிக்கப் இருக்கிறது. டிஐ டீசல் இன்ஜின், நாலு கியர், டாப் கியர் நேரடி, அதாவது இன்ஜின் சுற்றும் அதே வேகத்தில் புரொப்பல்லர் ஷாஃப்ட் (பின் ஆக்சிலுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் தண்டு) சுற்றும். ஃபோர் வீல் கிடையாது. இன்ஜின் வேலை முடித்து அதிக நாள் ஆகவில்லை, புகை இல்லை, இழுவையில் குறை இல்லை.

குறை ரோட்டில்தான். நாகை துறைமுகத்தில் இரவு மீன் பெட்டி ஏற்றினால் திருவாரூர், நீடாமங்கலம், தஞ்சாவூர் வழியாக விடியற்காலை மார்க்கெட் கூடுவதற்குள் திருச்சி போய்ச் சேர வேண்டும். தஞ்சாவூர் தாண்டி நாலு வழிச் சாலையில் ஏறியதும் எல்லா வண்டியும் என்னைத் தாண்டிப் போகிறது. 70-ஐத் தொட்டாலே இன்ஜின் கத்துகிறது. 80-இல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசுவது காதில் விழாது. ஐஸ் உருகிக்கொண்டிருக்கும்போது மெதுவாகப் போ என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

மீன் இல்லாத நாளில் வண்டி சும்மா நிற்பதில்லை. அறுவடை வந்துவிட்டால் நெல் ஓட்டுவேன். களத்தில் 40 கிலோ சிப்பம் முப்பது ஏற்றி, வாய்க்கால் கரை மேல் ஏறி, கொள்முதல் நிலையத்தில் இறக்குவது.

ரேஷியோ பார்த்தேன், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு, நியூட்ரலில் வைத்து, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் புரொப்பல்லர் ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றுகிறது. மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால் இந்த இரண்டு சுற்று ஒரு சுற்றுக் கணக்குத்தான், அதனால் 4.88 என்று எடுத்துக்கொண்டேன். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு உருட்டிப் பார்த்ததில் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர்.

இப்போது ஒரு பழைய இரும்புக் கடையில் ஜீப் ஒன்றின் முழுப் பின் ஆக்சில் கிடக்கிறது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன், கிரவுனில் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தில்) 41, 11 என்று பல் எண்ணிக்கை குத்தியிருக்கிறது, அதாவது 3.73. விலையும் படிகிற மாதிரி இருக்கிறது. ஏப்ரல் 15-இல் தடைக்காலம் ஆரம்பித்துவிடும், ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நேரத்தில் வண்டியைப் பட்டறையில் விட்டு ஆக்சிலை அப்படியே மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். செய்யலாமா? செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வலங்கைமான் பட்டறை:

தம்பி, முதலில் ஒன்று. சக்கரத்தைச் சுற்றி எண்ணிப் பார்த்துவிட்டு வந்து கேட்டீர்களே, அதுவே பாதி வேலை. இங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் "வண்டி ஓடவில்லை, கிரவுன் மாற்றுங்கள்" என்பார்கள். போட்டிருப்பது என்ன ரேஷியோ என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

உங்கள் கணக்கை நான் முடிக்கிறேன். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நிமிஷத்துக்கு 1000 மீட்டர். டயர் 2.2 மீட்டர் என்பதால் சக்கரம் நிமிஷத்துக்கு 455 சுற்று. 4.88-இல் இன்ஜின் 2220 ஆர்பிஎம். 80-இல் 2950 தாண்டும். பழைய டிஐ அந்த இடத்தில் கத்தத்தான் செய்யும். அதே 80-இல் 4.27 போட்டால் 2590, 3.73 போட்டால் 2260. காகிதத்தில் 3.73 அழகாகத்தான் இருக்கிறது.

இனி மறுபக்கம். ரேஷியோவில் எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு இழுவை சக்கரத்தில் குறையும். 4.88-லிருந்து 3.73-க்குப் போனால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போச்சு. முதல் கியரிலும் போச்சு, ரிவர்ஸிலும் போச்சு. டெல்டாவில் மலை ஏது, ஏற்றம் ஏது என்று கேட்பார்கள். களத்திலிருந்து வாய்க்கால் கரைக்கு ஏறுகிற அந்தப் பத்தடிச் சரிவுதான் நமக்கு மலை. அதுவும் தாளடி அறுவடையில் ஒரு மழை அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முப்பது சிப்பம் என்றால் 1200 கிலோ. முன்னால் வேகம் எடுத்து ஏறவும் இடம் இருக்காது, மேலே போனதும் மதகுக் கட்டையில் ஒடித்துத் திருப்ப வேண்டும். நின்ற இடத்திலிருந்து இழுக்க வேண்டும். 3.73-இல் அங்கே என்ன ஆகும் தெரியுமா? இன்ஜின் அணையும், அல்லது அணையாமல் இருக்க நீங்கள் பாதிக் கிளட்சில் பிடிப்பீர்கள். ஒரு சீசனில் கிளட்ச் பிளேட் கருகி வரும். திருச்சி ரோட்டில் மிச்சம் பிடித்த டீசல் காசைக் கிளட்ச் தின்றுவிடும்.

ரேஷியோவை விடப் பெரிய விஷயம், அந்த ஆக்சில் எதற்காகச் செய்தது என்பது. ஆள் ஏறுகிற ஜீப்பின் ஆக்சில் என்கிறீர்கள். போய் சக்கரத்தின் நடுவைப் பாருங்கள். ஆக்சில் ஷாஃப்டின் தலை தட்டையாக விரிந்து, சுற்றிலும் சின்னச் சின்ன போல்ட் போட்டு ஹப்போடு இறுகியிருந்தால் அது ஃபுல் ஃப்ளோட்டிங். அதில் லோடு முழுவதும் ஹவுசிங் (ஆக்சிலின் வெளிக் கூடு) மேல் நிற்கும், ஷாஃப்ட் சுற்றுவதோடு சரி. ஷாஃப்ட் ஒடிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். நடுவில் அப்படி எதுவும் இல்லாமல் டிரம் நேராக ஷாஃப்டின் முனையிலேயே உட்கார்ந்திருந்தால் அது செமி ஃப்ளோட்டிங். அதில் லோடையும் ஷாஃப்ட்தான் தாங்குகிறது. ஒடிந்தால் சக்கரம் டிரம்மோடு கழன்று ரோட்டில் உருளும். உங்கள் வண்டியில் முதல் வகை இருந்து, கடையில் கிடப்பது இரண்டாவது வகை என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அப்புறம், "அப்படியே மாற்றிவிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே எதுவும் உட்காராது தம்பி. டிரம்முக்கு டிரம் அகலம் ஒன்றா? ஸ்பிரிங் பட்டை உட்காரும் மேடை அதே இடைவெளியில் இருக்கிறதா? இல்லையென்றால் அறுத்து வெல்டிங் வைக்க வேண்டும். வைக்கும்போது பினியன் (கிரவுனைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரம்) மூக்கு நிமிர்ந்துவிட்டால் ஜாயின்ட் கிராஸ் அடிக்கடி போகும், வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உதறும். புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் மாறும். பிளேஞ்ச் ஓட்டை மாறும். பிரேக் சிலிண்டர் சைஸ் மாறினால் முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் சமம் இருக்காது. பழைய ஜீப்பில் ஹேண்ட்பிரேக் கியர் பக்கம், புரொப்பல்லர் ஷாஃப்டிலேயே இருக்கும், சக்கரத்தில் கேபிளே இருக்காது. உங்களுடையதில் எங்கே இருக்கிறது? ஒவ்வொன்றும் தனி லேத் வேலை.

நான் என்றால் உங்கள் ஹவுசிங்கை விட்டு நகர மாட்டேன். உள்ளே 47-க்கு 11 கிரவுன் பினியன், அதாவது 4.27, செட்டாகத் தேடுங்கள். இழுவை எட்டில் ஒரு பங்குதான் குறையும், அதைக் கரையில் சமாளிக்கலாம். உங்களுடையது ஸ்பைசர் 44 வகை ஹவுசிங் என்றால் இன்னொரு வசதி இருக்கிறது. அதில் 3.73 வரைக்கும் ஒரு கேரியர் (கிரவுனைத் தாங்குகிற உள்கூடு), 3.92-லிருந்து மேலே வேறு கேரியர். ரேஷியோ எண் குறையக் குறைய பினியன் தடிக்கும், கிரவுன் தள்ளி உட்கார வேண்டும், அதனால் அந்தப் பிரிவு. 4.88-லிருந்து 4.27-க்கு வந்தால் இருக்கிற கேரியரே போதும். 3.73 வேண்டுமென்றால் கேரியரையும் சேர்த்து வாங்க வேண்டும்.

பேராவூரணி தேங்காய்:

அண்ணன் சொல்வதை முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். என் பிக்கப்பில் 3.73-தான் ஓடுகிறது. பேராவூரணியில் தேங்காய்ப் பருப்பு ஏற்றிக் காங்கேயம் போகிறேன். டாப் கியரில் போட்டால் சத்தமே இல்லாமல் ஓடுகிறது, இன்ஜின் சூடும் முன்பு போல ஏறுவதில்லை. ஊருக்குள் மூன்றாவது கியர் கொஞ்சம் அதிகம் போட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். கிளட்ச் கருகும் என்பதெல்லாம் ஓட்டுகிறவர் காலைப் பொறுத்தது.

செய்வதென்றால் நல்லதாகச் செய்யுங்கள். பாதிக்கிணறு தாண்டுவதற்கு எதற்குப் பட்டறைச் செலவு?

வலங்கைமான் பட்டறை:

பேராவூரணித் தம்பி, உங்களுக்கு 3.73 சரிதான், நான் மறுக்கவில்லை. உங்கள் லோடு தார் ரோட்டில் ஏறித் தார் ரோட்டில் இறங்குகிறது. கொப்பரைக் களத்தில் சேறு கிடையாது. நாகைத் தம்பி கேட்ட கேள்வியில் களமும் கரையும் இருக்கிறது. அவர் மீன் மட்டும் ஓட்டுகிறார் என்றால் நானும் 3.73 என்றுதான் சொல்லியிருப்பேன், அப்போதும் அந்த ஜீப் ஆக்சிலைச் சொல்லியிருக்க மாட்டேன்.

காலைப் பொறுத்தது என்றீர்களே, முதல் கியரே எட்டாத ஏற்றத்தில் எந்தக் காலும் ஒன்றும் செய்ய முடியாது.

கொரடாச்சேரி:

இரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை.

ஒன்று, மீட்டர். இந்த வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது, சக்கரத்திலிருந்து அல்ல. ரேஷியோ குறைத்தால் மீட்டருக்கு அது தெரியாது. 4.88-இலிருந்து 4.27 போட்டுவிட்டு மீட்டரில் 60 பார்த்தால் நிஜத்தில் ஏறக்குறைய 69 போய்க்கொண்டிருப்பீர்கள். கிலோமீட்டரும் அப்படித்தான், 114 ஓடினால் 100 என்று காட்டும். ரேஷியோ மாற்றியபின் "மைலேஜ் குறைந்துவிட்டது" என்று அழுகிற பாதிப் பேர் இந்தத் தப்புக் கணக்கைத்தான் போடுகிறார்கள். கேபிள் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரத்தைப் பொருத்தமான பல் எண்ணிக்கையில் மாற்றினால் சரியாகிவிடும். அது கிடைக்கவில்லை என்றால் போன் ஜிபிஎஸ் வைத்து ஒரு முறை ஒப்பிட்டு, மீட்டர் கண்ணாடியில் சிவப்பு பெயின்டில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, ஆர்சியில் இருக்கும் விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. சரக்கு வண்டியின் பதிவில் ஆக்சில் எடை விவரமும் உண்டு. சொந்த ஹவுசிங்குக்குள் பல்லை மாற்றினால் வெளியே ஒன்றும் மாறுவதில்லை. வேறு வண்டியின் ஆக்சில் முழுதாக வந்தால் ஆய்வாளர் குனிந்து பார்க்கும்போது கேள்வி வரும். விபத்து என்று ஒன்று நடந்து இன்சூரன்ஸ்காரர் வந்து பார்த்தால் அந்தக் கேள்வி இன்னும் பெரிசாக வரும். அதனால் வலங்கைமான் அண்ணன் கட்சிதான் நான்.

ஜீப் மாயவரம்:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஃபோர் வீல் ஜீப். பின்னால் மட்டும் 4.27 போட்டுக்கொண்டு, ஃபோர் வீல் போடாமலே ஓட்டினால் பிரச்சினை இல்லைதானே?

வலங்கைமான் பட்டறை:

போடாத வரைக்கும் பிரச்சினை இல்லை. என்றைக்காவது சேற்றில் மாட்டி, மறந்து லீவரைப் போட்டுக் கெட்டித் தரைக்கு வந்தால் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றப் பார்த்து டிரான்ஸ்ஃபர் கேஸையோ (முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றைப் பிரிக்கிற பெட்டி) ஜாயின்டையோ உடைத்துவிடும். இரண்டு பக்கமும் மாற்றுங்கள், இல்லை முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.

நாகை மீன்வண்டி:

எல்லோருக்கும் நன்றி. போய்ப் பார்த்தேன். என் வண்டியில் ஷாஃப்ட் தலை வெளியே போல்டோடு இருக்கிறது, ஃபுல் ஃப்ளோட்டிங். கடையில் கிடப்பதில் டிரம் மட்டும்தான் தெரிகிறது. அதை விட்டுவிட்டேன்.

அண்ணே, இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, ஐந்து கியர் பெட்டி போட்டால் என்ன? ஆக்சிலையே தொட வேண்டாமே. இரண்டு, 4.27 செட் பழசாகத்தான் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கும்போது எதைப் பார்ப்பது?

வலங்கைமான் பட்டறை:

ஐந்து கியர் நல்ல யோசனை. சொல்லப்போனால் அதுதான் முதல் தரம். ஐந்தாவது கியர் 0.8 பக்கம் இருந்தால் 4.88 ஆக்சிலோடு சேர்ந்து ரோட்டில் 3.9 மாதிரி ஓடும். முதல் கியர் கரைக்கு அப்படியே இருக்கும். ஆனால் பெல் ஹவுசிங், கிளட்ச் பிளேட்டின் நடுப்பல், கியர்பாக்ஸ் தாங்குகிற குறுக்குக் கட்டை, புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம், கியர் லீவர் ஓட்டை, மீட்டர் கேபிள், இத்தனையும் பொருந்த வேண்டும். அதே இன்ஜின், அதே மாடல் வண்டி ஒன்று முழுதாக உடைக்க வந்து, அதிலிருந்து எல்லாவற்றையும் ஒரே கையில் வாங்க முடிந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். பெட்டி ஓர் இடம், பெல் ஹவுசிங் ஓர் இடம் என்று பொறுக்கினால் தடைக்காலம் முடிந்தும் வண்டி ஜாக்கியில் நிற்கும்.

பழைய கிரவுன் பினியன் வாங்குவது பற்றி. முடிந்தவரை ஹவுசிங்கில் இருக்கும்போதே பாருங்கள், கழற்றித் துடைத்து எண்ணெய் தடவி வைத்ததை வாங்காதீர்கள். மூடியைத் திறந்ததும் முதலில் ஆயிலைப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது, பேரிங் தடத்தில் துருப்புள்ளி இருக்கும், பல்லிலும் இருக்கலாம். அப்புறம் டார்ச் அடித்துக் கிரவுனை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். வண்டி முன்னால் போகும்போது அழுத்தம் வாங்குகிற பக்கத்தில் பளபளப்பு பல்லின் நடுவில், எல்லாப் பல்லிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். விளிம்பில் மட்டும் பளபளத்தால் தப்பாகச் செட் செய்து ஓட்டியது, அது இனி எந்தப் பட்டறையிலும் சத்தம் விடாமல் ஓடாது. நகத்தால் பல்லின் முகத்தைக் கீறுங்கள். நகம் எங்காவது மாட்டினால் அங்கே மேல்தோல் உரிய ஆரம்பித்திருக்கிறது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கிரவுனும் பினியனும் கம்பெனியிலேயே ஜோடியாக உரசிச் சேர்த்தவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் செதுக்கியிருக்கும். எண் ஒத்துப்போகவில்லை என்றால் பல் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அது ஜோடி இல்லை. இந்த ஓர் இடத்தில் கடைக்காரர் சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம்.

உங்களுக்கென்று ஒன்று. மீன் வண்டி என்பதால் சொல்கிறேன். பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் நேராக ஹவுசிங் மேல்தான் சொட்டும். ஹவுசிங் தலையில் பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும், அது உப்பும் சேறும் சேர்ந்து அடைத்திருக்கும், பந்தயம் கட்டுகிறேன். அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியாகக் கசியும். அப்புறம் சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது அதே சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். புதுப் பல்லைப் போடுகிற அன்றைக்கே பிரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டி, பாடிக்கு அடியில் உயரமாகக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். பாடித் தரையில் வடிகால் ஓட்டையையும் ஆக்சிலுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள்.

நாகை மீன்வண்டி:

பிரீதர் அடைத்துத்தான் இருக்கிறது அண்ணே. குச்சி விட்டால்கூடப் போகவில்லை. தெரிந்தவர் ஒருவர் 4.27 செட் ஒன்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறார், ஹவுசிங்கோடு இருக்கிறதாம். ஜோடி எண் பார்த்துவிட்டுத்தான் காசு. செட் செய்வதை இங்கேயே பக்கத்துப் பட்டறையில் கொடுக்கலாமா, உங்களிடம் கொண்டுவரவா?

வலங்கைமான் பட்டறை:

பக்கத்திலேயே கொடுங்கள், ஆனால் இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள். "டயல் கேஜ் இருக்கிறதா?" "பல்லில் கலர் தடவிப் பதிவு பார்ப்பீர்களா?" கையால் ஆட்டிப் பார்த்தே செட் செய்வேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையில் 0.15 மில்லிமீட்டர் பக்கம் ஆட்டம் இருக்க வேண்டும், அதைக் கை சொல்லாது. பினியன் பேரிங், கேரியர் பேரிங், ஆயில் சீல் எல்லாம் புதிது. இருக்கிற செட்டைக் கழற்றும்போது எந்தப் பக்கம் எத்தனை ஷிம் (இடைவெளி சரிசெய்கிற மெல்லிய தகடு) என்று எழுதித் தனித்தனியாகக் கட்டி வைக்கச் சொல்லுங்கள், புது ஜோடிக்கு அதிலிருந்துதான் கூட்டிக் குறைக்க வேண்டும். பழைய 4.88 செட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஆயில் ஜிஎல்-5, 90 நம்பர். கியர்பாக்ஸ் ஆயில் மிச்சம் இருக்கிறது என்று அதை ஊற்ற விடாதீர்கள், இந்தப் பல் வகைக்கு அது தாங்காது. முதல் ஓட்டம் லோடு இல்லாமல் திருவாரூர் வரைக்கும் போய், நிறுத்தி, ஹவுசிங்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கம் அதிகம், அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் ஊளையிட்டாலோ, காலை எடுக்கும்போது மட்டும் ஊளையிட்டாலோ எந்த வேகத்தில் என்று குறித்துக்கொண்டு இங்கே எழுதுங்கள். கொஞ்ச நாள் பாதி லோடில் ஓட்டிவிட்டு ஆயிலை ஒரு முறை மாற்றி, வடித்த ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டு எடுங்கள். மை மாதிரிப் பொடி ஒட்டினால் கவலை இல்லை, துண்டு துண்டாக வந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

பேராவூரணி தேங்காய்:

அந்த ஜீப் ஆக்சில் எந்தக் கடையில் கிடக்கிறது? முழுதாக வேண்டாம், உள்ளே இருக்கும் கேரியரும் 3.73 செட்டும் மட்டும் எனக்கு ஸ்பேருக்கு வேண்டும். தனிச் செய்தியில் சொல்லுங்கள்.